முகத்தை மூடாமல் அப்பா போன வீடுகள்

அன்பு மகன்,

சனிக்கிழமை குருப்பட்டம் கிடைத்த பிறகு ஊரே உன்னைச் சுவாமி என்று கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். உன் மாமி இப்போதே என்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். நீ இன்னும் என் பொடியனாக மட்டும் இருக்கிற இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் உனக்கு ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்று மேசையில் வந்து இருக்கிறேன். நாளைக்கு நீ வந்து இறங்கியதும் கையில் தருவேன். வாயால் சொல்லலாம்தான். சொல்லத் தொடங்கினால் நான் அழுவேன், நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று முதுகைத் தடவுவாய், சொல்ல வந்த கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

குருமடத்தில் உனக்கு எவ்வளவோ படிப்பித்திருப்பார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் நீ போகிற பங்கில் உன்னை அவசரம் அவசரமாகக் கூப்பிடப்போவது கலியாண வீட்டார் அல்ல, நோயாளி வீட்டார். அந்த வீட்டுப் படலையில் நீ நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா வருத்தத்தில் நோயாளியாகப் படுத்தபோது நீ கண்டிக் குருமடத்தில் இருந்தாய். லீவில் வந்து பார்த்தது கொஞ்சம். வீட்டைக் கழுவித் துடைத்து, அப்பாவுக்கு நல்ல சேர்ட் போட்டு, கதிரையில் இருத்திவைத்த நாட்களைத்தான் நீ கண்டாய். மற்ற நாட்களைக் கண்டவள் நான். அவரைக் கட்டி இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், ஆனால் அவர் எப்படிப்பட்ட மனுஷன் என்று அந்த வருத்தத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

கோவிலில் அப்பாவை எங்கே தேட வேண்டும் என்று உனக்கு நினைவிருக்கும். உள்ளே அல்ல. பூசைக்கு வருவார், வாசலில் சிலுவை போட்டுக்கொள்வார், பிரசங்கம் தொடங்கியதும் மெல்ல நழுவி மரத்தடிக்குப் போய் மீன்பிடிக்கிற மற்றப் போட்காரரோடு காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிக் கதைப்பார். வாயில் எப்போதும் வெற்றிலை. சண்டை முடிந்து, இரவுத் தொழிலுக்கு இருந்த தடைகள் எல்லாம் போய், கடல் திறந்துவிட்ட காலம் அது. விட்டதையெல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று விடிய விடியக் கடலில் நின்றார்கள். நித்திரை வராமல் இருக்கக் கன்னத்துக்குள் புகையிலையை அடக்கிக்கொள்வார். நீ குருமடத்துக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன அன்று முற்றத்தில் நின்று அவர் போட்ட சத்தம் அயலெல்லாம் கேட்டது. "இருக்கிறது ஒரே ஒரு பொடியன். அவனையும் சாமிக்குக் குடுத்திட்டு நான் தனியக் கடலில நிக்கிறதா?" என்று கேட்டார். ஆனாலும் நீ போன அன்று உன் பெட்டியை பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு தடிப்பு வந்ததை மாதக்கணக்கில் அவர் எனக்குச் சொல்லவில்லை. மீன் முள்ளுக் கீறியது என்றார். பிறகு பல்லுக்கொதி என்றார். உறைப்புக் கறியைத் தொட முடியாமல் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைக்கத் தொடங்கிய பிறகுதான் நான் பிடிவாதமாகப் புத்தளத்துக்கு ஒரு பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகு அந்த டொக்டர் கதைத்த தொனியே மாறிவிட்டது. கொழும்புக்கு அனுப்பினார். அங்கே ஒரு துண்டு வெட்டிச் சோதித்துவிட்டு, புற்றுநோய் என்று சிங்களத்தில் சொன்னார்கள். எனக்கு விளங்குவதற்கு முன்னால் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. திரும்பி வரும்போது, சிலாபம் கழிந்து பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறிய நேரம், இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பையை எடுத்து ஜன்னலால் எறிந்தார். "என்னால ஏலுமானது இவ்வளவுதான். மிச்சத்தை அவர் பாக்கட்டும்" என்றார். அவர் என்று யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அந்த வாயில் இருந்து அப்படி ஒரு சொல் வந்ததே எனக்குப் புதினமாக இருந்தது.

அந்தக் கிழமையே உன்னைக் கூப்பிட்டு எடுத்துவிட வேண்டும் என்று நான் துடித்தேன். சொந்தக்காரர் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். தகப்பன் படுத்துவிட்டான், போட்டைப் பார்க்க ஆளில்லை, படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்லு என்றார்கள். போனைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்பா எழும்பி வந்து போனை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். "அவன் வரவேண்டாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "அண்டைக்கு ஊரைக் கூட்டினது நீங்கதானே? இப்ப அவன் தேவைப்படுற நேரத்தில ஏன் வேண்டாம் எண்டுறீங்க?" என்று கேட்டேன். "அண்டைக்கு நான் கத்தினது, குடுக்கிறதுக்கு முன்னால. இப்ப குடுத்தாச்சு. குடுத்ததைத் திருப்பிக் கேக்கிற பழக்கம் எனக்கில்லை" என்றார். அடுத்த மாதம் போட்டை விற்றார். விற்ற அன்று எஞ்சினுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். உனக்குப் போனில் "சும்மா ஒரு சின்ன ஒப்பரேஷன்" என்று சொன்னார். அதை நீ நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ திரும்பி வந்துவிடாமல் இருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்கும் தெரியும். "குடுத்ததைத் திருப்பி எடுக்கிறதில்லை எண்டு என்ர மகனும் வராமல் இருந்து எனக்குக் காட்டினான்" என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

உன் மாமி அந்த நாட்களில் ஒரு செபக் கூட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து ஒரு போதகரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கெட்ட மனுஷன் அல்ல, அப்பாவின் தலையில் கைவைத்துக் கண்ணீர் விட்டுத்தான் செபித்தார். ஆனால் போகிற நேரத்தில், "பிரதர், பூரண விசுவாசம் இருந்தால் கத்தி வைக்கத் தேவையில்லை. கத்திக்குப் போனால் விசுவாசம் குறைவு எண்டுதான் அர்த்தம்" என்றார். மாமி அழுதுகொண்டே தலையாட்டினாள். எனக்கும், மகன், கத்தி வைக்காமல் சுகமாகுமென்றால் அது எவ்வளவு நல்லது என்றுதான் மனம் ஓடியது. அப்பா அவருக்கு நன்றி சொன்னார், பிளேன் டீ குடிக்கச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஐயா, நடுக்கடலில எஞ்சின் நிண்டால் நான் செபமும் சொல்லுவன், பிளக்கைக் கழட்டித் துடைக்கவும் செய்வன். ஒண்டைச் செய்தால் மற்றது பிழையெண்டு ஆரும் எனக்குச் சொல்லித் தரேல்ல." போதகர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அந்தப் பதில் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். பிரசங்கம் கேட்காமல் மரத்தடியில் நின்றவர் அல்லவா.

ஆனால் அவருக்குப் பயம் இல்லாமல் இருந்தது என்று மட்டும் நீ நினைத்துவிடாதே. விசுவாசம் உள்ளவர்களுக்குப் பயம் வராது என்று எந்த நோயாளியிடமும் சொல்லாதே. ஒப்பரேஷன் அன்று காலையில் அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றி வைத்திருந்தார்கள். என்னைக் கிட்ட வரச் சொல்லி, "நான் பயப்படுறன் எண்டு அவருக்குச் சொல்லு. எனக்கு நேர சொல்ல வெக்கமாக் கிடக்கு" என்றார். அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, அந்த நீளமான நடைபாதையில் நின்று நான் அதைத்தான் சொன்னேன். ஆண்டவரே, அவர் பயப்படுகிறார். வேறொன்றும் எனக்கு வாயில் வரவில்லை. மனப்பாடமாக இருந்த மன்றாட்டெல்லாம் எங்கோ போய்விட்டது. அன்றைக்கு நான் சொன்னதுபோல உண்மையான செபத்தை அதற்கு முன் சொன்னதில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

தாடையில் ஒரு பக்கத்தையும் கன்னத்தையும் எடுத்துவிட்டு, நெஞ்சில் இருந்து தசை எடுத்து மூடியிருந்தார்கள். கதிர்ச் சிகிச்சையும் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அவருடைய முகத்தில் எனக்குப் பழக்கமான இடம் நெற்றியும் கண்ணும்தான். சாப்பாடு மூக்கு வழியாகக் குழாயில். பேச்சு இல்லை. சுவர்க் கண்ணாடியை நான் கழற்றி ஒளித்து வைத்தேன், அவர் தண்ணீர் வாளியில் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளைத் துவாய் ஒன்றை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார், வீட்டுக்குள்ளேயும். நான் அந்த நாட்களில் செபமாலையைத் தொடவில்லை. சின்ன வயதில் இருந்து ஒருநாள் தவறாமல் சொன்னவள். மாதாவின் முகத்தைப் பார்க்கக் கோபமாக இருந்தது. அவர் மாலை இல்லாத என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பின்னேரம் தானே எழும்பி, மாலையை எடுத்து, பாயில் வந்து இருந்தார். மணியை விரலால் உருட்டுகிறார், சத்தம் வரவில்லை. தொண்டைக்குள் ஏதோ கரகரக்கிறது. என்னைப் பார்த்துத் தன் வாயைத் தொட்டுக் காட்டினார், பிறகு என் வாயைக் காட்டினார். எனக்கு வாய் இல்லை, நீ சொல்லு என்று அர்த்தம். நான் சொல்ல, அவர் விரலை நகர்த்தினார். என்னுடைய கோபம் அன்றைக்கே போய்விடவில்லை. கோபத்தோடுதான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, எனக்கு மட்டும் விளங்குகிற மாதிரி. குழாயையும் எடுத்துவிட்டார்கள், கஞ்சி இறங்கியது. கோவிலுக்கு வருவார், துவாயோடு வெளியே நிற்பார். பெரிய வெள்ளி வந்தது. சிலுவை முத்தி செய்ய சனம் வரிசையில் போனது. நான் முத்தி செய்துவிட்டுத் திரும்பினால் அவர் வரிசையில் நிற்கிறார். அந்த மனுஷன் கோவிலுக்குள் அவ்வளவு தூரம் வந்து எத்தனை வருஷம்! பங்குச் சுவாமி சிலுவையைத் தாழ்த்திப் பிடித்தார். இவர் குனிந்தார், துவாய் இடையில் நின்றது. அப்படியே நிமிர்ந்து, இரண்டு கையாலும் துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டார். வளைந்துபோன அந்த வாயால் சிலுவையில் தொங்குகிறவரின் பாதத்தை முத்தி செய்தார். திரும்பி, சனத்துக்கு நடுவால், மூடாமல் நடந்து வந்து என் பக்கத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்து நான் கேட்டபோது, "அவருக்கு முன்னால நான் என்னத்தை மூடுறது? அவரிட முகமும் அடி வாங்கின முகம்தானே" என்றார். மகன், நான் எத்தனையோ பெரிய வெள்ளி கண்டிருக்கிறேன். அந்தப் பாடுபட்ட சுரூபத்தின் முகத்தை நான் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகும் ரோட்டில் போகும்போது துவாயைக் கட்டித்தான் போனார். நசீர் வீட்டுக்குப் போன அன்றுதான் அதுவும் போனது. நசீரை உனக்குத் தெரியும். தொண்ணூறில் முஸ்லிம் சனம் முழுக்க மன்னாரில் இருந்து விரட்டப்பட்டபோது வாப்பாவின் தோளில் இருந்து வந்தவன், தில்லையடியில் வளர்ந்து, அப்பாவின் மீனை வாங்கி விற்றவன். அவனுக்கும் அதே கன்னம், அதே வெள்ளைத் தடிப்பு. ஒப்பரேஷனுக்குப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். போனில் படங்களைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு முகத்தோடு இருப்பதைவிட மவுத்தாகிவிடலாம் என்கிறானாம். அவனுடைய மனைவி எனக்குப் போனில் அழுதாள். அப்பா சேர்ட்டைப் போட்டார். "வா, எனக்கு வாயா வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

நசீர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அப்பா கதிரையை இழுத்துக் கட்டிலுக்குக் கிட்டப் போட்டு இருந்தார். துவாயை அவிழ்த்து மடியில் வைத்தார். "தம்பி, இஞ்ச பார்" என்றார். அவன் திரும்பிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். நான் எதிர்பார்த்ததுபோல முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு பிள்ளை கேட்பதுபோலத்தான் கேட்டான். "அண்ணே, நோவுதா?"

"ஓம். குளிர் காத்துக்கு நோகும்."

"என்ன தின்றீங்க?"

"கஞ்சி. இவ மீனைக் கரைச்சுத் தாறா. உன்ர அறக்குளா மீனும் தின்னிருக்கிறன்."

அவனுக்கு விளங்காததை நான் திருப்பிச் சொன்னேன். அவன் கொஞ்சம் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அல்லாஹ் கைவிட்டுட்டான் எண்டு உங்களுக்கு நெனப்பு வரல்லயா அண்ணே? நீங்க உங்கட ஆண்டவரை அப்பிடி நெனக்கல்லயா?" என்று கேட்டான். நான் அப்பாவைப் பார்த்தேன். இதற்கு என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கே தெரியாது. அவர் உடனே சொன்னார்: "நெனச்சன். நெனச்சதையும் அவரிட்டத்தான் சொன்னன். வேற ஆரிட்டப் போய்ச் சொல்ற?" அதை நான் திருப்பிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. நசீருக்கு அது நேராகவே விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி இருந்தான். "நான் உங்களுக்கு துஆ செய்றன். நீங்களும் எனக்குக் கேளுங்க" என்றான். அந்த மாதமே ஒப்பரேஷனுக்குப் படுத்தான். இன்றைக்கு அவன் திரும்பவும் மீன் யாவாரம் செய்கிறான். அப்பா அன்றைக்கு அந்த வீட்டில் இருந்து வெளியே வந்தபோது துவாய் கையில் இருந்தது. பஸ்ஸிலும் கட்டவில்லை. ஒருத்தர் இரண்டு பேர் இடம் மாறி இருந்தார்கள். அவர் ஜன்னலால் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

நசீர் சொல்லி அடுத்த ஆள் வந்தது, அந்த ஆள் சொல்லி இன்னொன்று. கனமூலை, மதுரங்குளி, சிலாபம் பக்கம் என்று எங்கெங்கோ போனார். பேச்சு மற்றவர்களுக்கும் விளங்கத் தொடங்கிய பிறகு நான் வாயாகக் கூடப் போகத் தேவையிருக்கவில்லை. முஸ்லிம் வீடு, சிங்கள வீடு, எங்கள் சனம் என்று பார்ப்பதில்லை. நான் நினைத்தேன், இவர் செபம் சொல்லிக் கொடுக்கத்தான் போகிறார் என்று. இல்லை. போய்க் கதிரையில் இருப்பார், முகத்தைக் காட்டுவார், கேட்டதற்குப் பதில் சொல்லுவார். கேட்டால் மட்டும் செபம் சொல்லுவார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் நான் பொய் எழுதியவளாவேன். முந்தல் பக்கத்தில் ஒரு சிங்களப் பொடியன், கலியாணம் கட்டி அதிக காலம் இல்லை. அப்பா சொல்லித்தான் ஒப்பரேஷனுக்குப் போனான். கிழமைக்குக் கிழமை அப்பா அவனைப் போய்ப் பார்த்தார். வருத்தம் திரும்பி வந்து அவன் போய்விட்டான். செத்த வீட்டுக்குப் போய் வந்த பிறகு அப்பா கடற்கரையில் போய் இருப்பார், சாப்பாட்டுக்கு வருவார், திரும்பிப் போய்விடுவார். இனி எந்த வீட்டுக்கும் போகமாட்டார் என்று நினைத்தேன். ஒருநாள் நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர் கடலைப் பார்த்தபடி, "அவனுக்குச் சொன்னதெல்லாம் பொய்யாப் போச்சோ எண்டு யோசிச்சுப் பாத்தன்" என்றார். "இல்லை. சுகமாகும் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்ல. வருவன் எண்டுதான் சொன்னன். போனன்." பிறகு எழும்பி, உடுத்திருந்த சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. அவருடைய ஆண்டவரைப் பற்றியும் அவர் அப்படித்தான் நம்புகிறார். சுகம் தருவார் என்று அல்ல, வருவார் என்று.

அதனால்தான் சொல்கிறேன், மகன். நோயாளி வீட்டுக்குப் போனால் நின்றுகொண்டு ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு ஓடிவராதே. கதிரையை இழுத்துப் போட்டு இரு. முகத்தைப் பார். முகம் கெட்டுப்போயிருந்தால் இன்னும் நன்றாகப் பார். இது ஆண்டவருடைய சித்தம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதே. அந்தச் சொல்லை எங்களிடம் எத்தனையோ பேர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், அதை வைத்து என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. நோயாளி ஆண்டவரோடு கோபமாக இருந்தால் பயப்படாதே, அவன் அவரோடு கதைத்துக்கொண்டுதான் இருக்கிறான். அந்த வீட்டுப் பெண்ணையும் ஒருதரம் பார்த்து, நீ சாப்பிட்டாயா என்று கேள். என்னிடம் அதைக் கேட்டவர்களை நான் இன்னும் மறக்கவில்லை. தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லு. திரும்பி வருவேன் என்று சொன்னால், போ.

இன்றைக்கு வியாழக்கிழமை. முற்றத்தில் பந்தல் போடுகிறார்கள், மாமி சமையல்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள், கொழும்பில் இருந்தும் நீர்கொழும்பில் இருந்தும் சனம் வரத் தொடங்கிவிட்டது. காலையில் பள்ளிவாசல்துறையில் இருந்து ஒரு போன் வந்தது. அங்கே ஒரு போட்காரன், நாளைக்கு ஒப்பரேஷனுக்குப் படுக்க வேண்டியவன், போகமாட்டேன் என்று நிற்கிறானாம். அப்பா புதுச் சாரத்தை மடித்து வைத்துவிட்டுப் பழையதை உடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. "வீடு நிறையச் சனம். மகனுக்குக் குருப்பட்டம். இண்டைக்குப் போகத்தான் வேணுமா?" என்று கேட்டேன். "குருப்பட்டம் சனிக்கிழமைதானே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். அவர் போன பிறகுதான் கோபத்தோடு இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத அது எங்கோ போய்விட்டது.

இப்போது பொழுது சாய்கிறது. படலைச் சத்தம் கேட்டது, வந்துவிட்டார். வெயிலில் கறுத்துப்போய், கால் நிறைய மண். சனத்துக்குள்ளால் நேரே குசினிக்கு வந்து தண்ணீர் குடித்தார். வாயின் ஓரத்தால் வழிந்ததைத் துடைத்தார். நான் பேனையைக் கையில் பிடித்தபடி, என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் அரை வாயால் சிரித்தார்.

"ஓம் எண்டிட்டான்."